படிக்காமல் கையெழுத்துப் போடலாமா?



நம்ம ஹாஸ்டலில் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என்ன பேசுவோம் என்று உங்களுக்கே தெரியும். கிரிக்கெட், சினிமா, அரியர். இப்போது நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. பிட்காயின்! "யாரோ வாங்கினானாம், ரெட்டிப்பாச்சாம்" என்று ஒருத்தன் ஆரம்பித்தால் போதும், பத்துப் பேர் கூடிவிடுகிறோம். அதை வாங்கலாமா, வேண்டாமா என்று சொல்ல நான் வரவில்லை. விலை ஏறும், இறங்கும். லாபம் வந்தால் 30 சதவீதம் வரி என்று 2022-லேயே சட்டம் வந்துவிட்டது. ஃபீஸ் கட்ட வீட்டில் கொடுத்த பணத்தை அதில் போடுகிறவன் மடையன். இவ்வளவுதான் அதைப் பற்றி என் கருத்து. நான் பேச வந்தது, அதைப் பத்திரமாக வைப்பதற்கு என்று விற்கிற பெட்டியைப் பற்றி.

2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற நம் நாட்டு எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருட்டுப் போனது. பணம் போட்டவர்கள் எடுக்க முடியாமல் ஒரு வருடத்துக்கு மேல் காத்துக்கிடந்தார்கள். அதற்கப்புறம், "எக்ஸ்சேஞ்சை நம்பாதே மச்சான், ஹார்டுவேர் வாலட் வாங்கு, நிம்மதியாத் தூங்கு" என்பது வேதவாக்கு மாதிரி ஆகிவிட்டது. இதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆபத்து!

ஹார்டுவேர் வாலட் என்பது பார்ப்பதற்கு ஒரு பென் டிரைவ் மாதிரி இருக்கும். ஒரு சின்னத் திரை, ஒன்றிரண்டு பட்டன். செக் நாட்டின் பிராக் நகரத்தில் செய்து 2014-ல் விற்பனைக்கு வந்த ட்ரெஸர் இந்த வகையில் முன்னோடி. பிரான்சின் லெட்ஜர் இன்னொன்று. நம்மில் பலர் நினைப்பது மாதிரி நாணயம் அதற்குள் இல்லை. நாணயக் கணக்கு பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில் இருக்கிறது. பெட்டிக்குள் இருப்பது ரகசியச் சாவி மட்டுமே. "இன்ன முகவரிக்கு இவ்வளவு அனுப்பு" என்று கம்ப்யூட்டர் ஒரு உத்தரவைத் தயார் செய்து உள்ளே அனுப்பும். பெட்டி அதைத் தன் திரையில் காட்டும். நாம் பட்டனை அழுத்தினால் உள்ளேயே கையெழுத்தாகி, கையெழுத்து மட்டும் வெளியே வரும். சாவி வெளியே வராது. ஆகவே கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தாலும் சாவியைத் திருட முடியாது. நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த பட்டன் என்பது என்ன? நம் கையெழுத்து. எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று பார்க்காமல் அழுத்தினால்?

இங்கே என் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் அஞ்சாவது படிக்கும்போது பக்கத்து ஊரில் ஒருத்தரிடம் பத்தாயிரம் ரூபாய் கடன் வாங்கினார். அவர் ஒரு பத்திரத்தை நீட்டி, "இங்க வைப்பா" என்றார். அப்பாவும் பெருவிரலை மையில் தொட்டு வைத்துவிட்டு வந்தார். அதில் முப்பதாயிரம் என்று எழுதியிருந்தது ஒரு வருடம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியும். ரெண்டு மாட்டையும் விற்றுக் கட்டினோம். "என் கைநாட்டுதானே, நான் எப்படி இல்லேன்னு சொல்றது?" என்று மட்டும்தான் அப்பா சொன்னார்.

அப்பா படிக்காதவர், ஏமாந்தார். படித்தவர்கள் ஏமாற மாட்டார்களா? 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் என்ற பெரிய எக்ஸ்சேஞ்சில் நடந்ததைப் பாருங்கள். அவர்கள் கிரிப்டோவை ஒருத்தர் கையெழுத்தில் வைத்திருக்கவில்லை. பல பேர் கையெழுத்துப் போட்டால்தான் நகரும். ஹார்டுவேர் வாலட்டும் இருந்தது. திருடர்கள் சாவியைத் தொடவே இல்லை. கம்ப்யூட்டர் திரையில் வழக்கமான பணமாற்றம் மாதிரி காட்டி, உள்ளே வேறு உத்தரவை அனுப்பினார்கள். பெட்டியின் சின்னத் திரையில் வந்ததோ மனிதனுக்குப் புரியாத குறியீடு. எல்லோரும் அழுத்தினார்கள். கடைசியாக அழுத்தியவர் நிறுவனத்தின் தலைவர்! அதை அவரே வெளியில் சொன்னார். போனது சுமார் 150 கோடி டாலர். வடகொரியாவின் கைவரிசை என்று அமெரிக்க எஃப்.பி.ஐ. அறிவித்தது.

இதுவும் கைநாட்டுதானே நண்பர்களே? எங்கப்பாவுக்காவது எழுத்துத் தெரியாது.

ஆகவே, வாங்கத்தான் போகிறேன் என்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில், தயாரித்த நிறுவனத்திடமே நேராக வாங்குங்கள். செகண்ட் ஹேண்ட் செல்போன் மாதிரி இதை வாங்கக் கூடாது. பெட்டியைப் பிரிக்கும்போதே வார்த்தைகள் அச்சடித்த சீட்டு உள்ளே இருந்தால் அது மோசடி. அந்தச் சாவி ஏற்கெனவே இன்னொருத்தன் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

என்ன வார்த்தைகள்? முதல் தடவை இயக்கும்போது பெட்டி தன் திரையில் 12 அல்லது 24 ஆங்கில வார்த்தைகளைக் காட்டும். 2048 வார்த்தைகள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து வருபவை. 2048 என்பது 2-ன் அடுக்கு 11, டிஜிட்டல் பேப்பரில் போட்ட கணக்குதான். 24 வார்த்தைக்கு 264 பிட். அதில் 256 பிட் தற்செயலாக எடுத்தது, மீதி 8 பிட் பிழை கண்டுபிடிப்பதற்கு. சாவி மொத்தமும் இந்த வார்த்தைகளிலிருந்துதான் பிறக்கிறது. பெட்டி தொலைந்தால் கவலை இல்லை, இன்னொன்று வாங்கி இந்த வார்த்தைகளைப் போட்டால் எல்லாம் திரும்பி வரும். வார்த்தைகள் வேறு ஒருத்தன் கையில் கிடைத்தால், பெட்டி நம் பாக்கெட்டில் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

அதனால் பேனாவால் காகிதத்தில் எழுதுங்கள். போட்டோ எடுக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே அனுப்பிக்கொள்ளவும் வேண்டாம். எந்தக் கம்பெனிக்காரன் கேட்டாலும் சொல்லாதீர்கள். 2020-ல் லெட்ஜர் வாடிக்கையாளர்களில் சுமார் 2,72,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் வெளியே கசிந்தது. அப்புறம் சிலர் வீட்டுக்குப் போலிப் பெட்டியே தபாலில் வந்தது, "இதில் உங்கள் வார்த்தைகளைப் போடுங்கள்" என்று! உண்மையான கம்பெனி அந்த வார்த்தைகளை ஒருநாளும் கேட்காது.

வீட்டில் நம்பிக்கையான ஒருத்தரிடம் அந்தக் காகிதம் என்ன என்று சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் நம் வீட்டில் அது அடுப்பு பற்றவைக்கப் போய்விடும். சிரிக்காதீர்கள். ஸ்டெஃபான் தாமஸ் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் 7,002 பிட்காயினின் சாவியை ஒரு பூட்டுப் போட்ட யு.எஸ்.பி.யில் வைத்திருந்தார். பாஸ்வேர்டு எழுதிய காகிதம் தொலைந்துபோனது. பத்து வாய்ப்பில் எட்டு தீர்ந்துவிட்டது என்று 2021-ல் செய்தி வந்தது.

அடுத்தது, நம்ம லேப் பழக்கம். பவர் கொடுக்கும் முன் சர்க்யூட்டை டெஸ்ட் பண்ணுகிறோம் இல்லையா? அதே மாதிரி முதலில் நூறு, இருநூறு ரூபாய் மதிப்புக்கு மட்டும் அனுப்புங்கள். அப்புறம் வேண்டுமென்றே பெட்டியை அழித்துவிட்டு, காகிதத்தைப் பார்த்து வார்த்தைகளைப் போட்டு மீட்டுப் பாருங்கள். திரும்பி வந்தால்தான் மீதியை அனுப்பலாம். பின் நம்பரையும் மறக்காதீர்கள். லெட்ஜரில் மூன்று தடவை தப்பாகப் போட்டால் தானே அழித்துக்கொள்ளும்.

கடைசியாக, ஒவ்வொரு தடவை அனுப்பும்போதும் கம்ப்யூட்டர் திரையை நம்பாமல், பெட்டியின் திரையில் உள்ள முகவரியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படியுங்கள். முன்னால் நாலு, பின்னால் நாலு எழுத்துப் பார்த்தால் போதாது, அப்படி ஒத்துப்போகிற முகவரியைத் தயார் செய்பவர்கள் இருக்கிறார்கள். புரியாத குறியீடு மட்டும் வந்தால் கேன்சல் செய்யுங்கள். அரை மணி நேரம் போனால் போகட்டும். வங்கியில் தப்பு நடந்தால் மேனேஜரிடம் போகலாம், மேலதிகாரிக்கு எழுதலாம். இங்கே போய் நிற்க ஒரு கவுன்டர் கிடையாது.

பெட்டி வாங்கியவனெல்லாம் பத்திரமாகிவிட மாட்டான். எங்கப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது சம்பாதிக்க மட்டும் இல்லை, "நீயாவது படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுடா" என்பதற்காகவும்தான். பட்டன் ஆனாலும் சரி, பத்திரம் ஆனாலும் சரி, நாளைக்கு வேலையில் சேரும்போது நீட்டப் போகிற ஒப்பந்தம் ஆனாலும் சரி, படித்துவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும்.

சிந்திப்போம் நண்பர்களே!

– இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் துறை