நீலாம்பரி மன்னிப்புக் கேட்க வேண்டாம்

எனக்குப் பிடித்த படங்களுக்கு இரண்டு பட்டியல் வைத்திருக்கிறேன். ஒன்று கருத்தரங்கில் சொல்வதற்கு. ‘அவள் அப்படித்தான்’, ‘மறுபடியும்’, மூன்று பெண்கள் சேர்ந்து தொல்லை தரும் மேலதிகாரியைக் கட்டிப்போடும் ‘மகளிர் மட்டும்’. இந்தப் பட்டியலுக்கு யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். இன்னொன்று, அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் பரவாயில்லை என்று டிவி முன்னால் நிற்கவைக்கும் படங்களின் பட்டியல். அதில் முதல் பெயர் ‘படையப்பா’. பெண்ணியக் கட்டுரைத் தொகுப்பில் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்தப் படம் திரும்ப வருகிறது.

2025 டிசம்பர் 12, ரஜினியின் 75ஆவது பிறந்தநாளன்று ‘படையப்பா’வை மறுபடி வெளியிட்டார்கள். அதையொட்டிய ஒரு காணொளியில், ‘நீலாம்பரி’ என்ற பெயரில் இரண்டாம் பாகத்துக்குக் கதை விவாதம் நடப்பதாக ரஜினியே சொன்னார். என் மாணவிகளுக்கு ஒரே கொண்டாட்டம். படம் முதலில் வந்தபோது அவர்களில் ஒருத்திகூடப் பிறந்திருக்கவில்லை. நீலாம்பரியை மீம்களில்தான் அறிவார்கள். எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது. நான் நேசித்த ஒருத்தியை இவர்கள் மறுபடி என்ன செய்யப்போகிறார்கள் என்ற பயம்.

1999 ஏப்ரல் 10 அன்று படம் வெளியானது. அண்ணன் இருட்டோடு எழுந்து, பக்கெட்டில் பாலோடு போனான். கட்அவுட்டுக்கு ஊற்ற. திரும்பி வந்தபோது சட்டை கிழிந்திருந்தது, தொண்டை கட்டியிருந்தது. அம்மா அவனுக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். நான் இரண்டாவது வாரம் மேட்னி ஷோவுக்கு அத்தையோடு போனேன், பெண்கள் கவுண்டரில் ஒரு மணி நேரம் நின்று. நீலாம்பரி திரையில் வந்ததும் என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். “ஏட்டி, அவளுக்கா கைதட்டுத?” முன்வரிசையில் ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்கு வரும்வரை அத்தை பேசவில்லை. அண்ணன் பால் ஊற்றலாம். நான் கைதட்டக் கூடாது, அதுவும் அவளுக்கு.

அந்தக் காலத்தில் திரையில் நீலாம்பரி மீது செருப்பு வீசினார்கள் என்று ரம்யா கிருஷ்ணனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவள் செய்த குற்றம்தான் என்ன? வசுந்தராவின் மீது காளையை ஏவியது குற்றம்தான், அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் செருப்பு அதற்கு முன்பே காத்திருந்தது. அவள் ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னாள். அவன் வேண்டாம் என்ற பிறகும் பிடித்திருக்கிறது என்றாள். பதினெட்டு வருடம் ஓர் அறைக்குள் தன்னைப் பூட்டிக்கொண்டு அவனையே நினைத்தாள். வெளியே வந்து அவனைப் பார்த்ததும், வயதாகியும் உன் அழகும் ஸ்டைலும் போகவில்லை என்று சொன்னாள்.

இது யாருடைய பேச்சு? ரசிகரின் பேச்சு. இருபத்தைந்து வருடமாக ஒவ்வொரு ரஜினி படத்துக்கும் தியேட்டர் வாசலில் ஆண்கள் பேனரில் எழுதிக் கட்டுவது நீலாம்பரியின் வசனத்தைத்தான். படத்தில் இருப்பதிலேயே பெரிய ரஜினி ரசிகை அவள்தான். ஆண் ரசிகன் இப்படி ஒரு ஆணை வெறிகொண்டு நேசித்தால் அது விசுவாசம், மன்றம், தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் பெருமை. பெண் நேசித்தால் கடைசி ரீலில் அவளே துப்பாக்கியை எடுத்துச் சுட்டுக்கொள்ள வேண்டும். அவள் ஆத்மா சாந்தியடைய வேண்டிக்கொள்ள நாயகனுக்கு ஒரு குளோசப்.

தமிழ் படித்த எனக்கு இந்த இடத்தில் நக்கண்ணையார் நினைவுக்கு வருகிறார். பெருங்கோழி நாய்கன் மகள். புறநானூற்றில் 83, 84, 85 மூன்று பாட்டும் அவருடையவை. மூன்றும் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற மல்லன் மேல். ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து, அவன் ஜெயித்தான் என்றும் இல்லையென்றும் கூச்சல் போடுகிறது. இந்தப் பெண் கால் சிலம்பு ஒலிக்க வீட்டிலிருந்து ஓடிவந்து, ஒரு பனைமரத்தில் சாய்ந்து நின்று பார்க்கிறாள். வெற்றி அவனுக்குத்தான் என்கிறாள். நான் அறிந்தவரை தமிழின் முதல் ரசிகை இவள்தான். முதல் நாள் முதல் காட்சி, நின்றுகொண்டே. இன்னொரு பாட்டில் அவனைத் தழுவத் தாய்க்கு அஞ்சுகிறாள், அவைக்கு நாணுகிறாள். அந்தப் பாட்டைப் பாடம் நடத்தும்போதெல்லாம் என் மணிக்கட்டில் அத்தையின் பிடி தெரியும்.

காதலனின் பெயர் பாட்டுக்குள் இல்லை, பாட்டின் அடிக்குறிப்புதான் அதைச் சொல்கிறது. அகப்பாட்டில் பெயர் சொல்லக் கூடாது; ஆகவே புறத்தில் சேர்த்து, கைக்கிளை என்று திணை எழுதினார்கள். ஒருதலைக் காமம். ஆணுக்காவது மடலேறும் வழி இருந்தது. பெண்ணுக்கு அது முறையல்ல என்று தொல்காப்பியம் அடைத்துவிட்டது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நக்கண்ணையாரைத் தொகுத்தவர்கள் கொல்லவில்லை. மூன்று பாட்டையும் பத்திரமாக வைத்தார்கள். நம் சினிமாவுக்கு அந்த அளவு பெருந்தன்மைகூட இல்லை.

திமிர் பிடித்தவளை அடக்கும் கதை ‘படையப்பா’வில் தொடங்கியதும் அல்ல. 1972இல் ‘பட்டிக்காடா பட்டணமா’ படத்தில் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த மனைவியைச் சிவாஜி சாட்டையால் அடிக்கிறார். 1992இல் ‘மன்னன்’ படத்தில் தொழிற்சாலை நடத்திய விஜயசாந்தி கடைசியில் வீட்டோடு இருக்கும் மனைவியாகிறார். நீலாம்பரியும் வெளிநாட்டில் படித்தவள்தான். பெண் விமானம் ஏறிப் படித்துவிட்டு வந்தால் இறங்கும் இடத்தில் ஒரு நாயகன் பாடம் நடத்தக் காத்திருப்பான். 1972இல் அந்தச் சாட்டையின் கீழ் நின்ற நடிகை ஜெயலலிதா. 1996இல் அவர் மீண்டும் ஆட்சிக்கு வந்தால் ஆண்டவனாலும் தமிழ்நாட்டைக் காப்பாற்ற முடியாது என்ற பொருளில் பேசியவர் ரஜினி. ‘படையப்பா’ வெளியாகி ஏழாவது நாள், 1999 ஏப்ரல் 17, ஜெயலலிதா ஆதரவை விலக்கிக்கொண்டதால் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்தது. தியேட்டரில் நீலாம்பரிக்கு எதிராக விசில் அடித்தவர்கள் யாரை நினைத்துக்கொண்டு அடித்தார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். ஜெயலலிதாவின் அரசியலுக்கு நான் வக்கீல் அல்ல. ஆனால் ஊழலுக்காக ஒரு பெண்ணை எதிர்ப்பதும், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததற்காக எதிர்ப்பதும் வேறு வேறு என்பதைச் சினிமா நம் ஆண்களுக்கு மறக்கடித்துவிட்டது.

இவ்வளவையும் வகுப்பில் ஒருநாள் ஆவேசமாகச் சொல்லி முடித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அதிகம் பேசாதவள். “மேம், நீங்க நீலாம்பரியப் பத்தியே பேசறீங்க. எங்க பாட்டி அந்த மாதிரி ஒரு வீட்லதான் வேலை செஞ்சாங்க. கொல்லைப்புறமாத்தான் உள்ள போவாங்க. எனக்கு நீலாம்பரியப் பாத்தா அந்த வீட்டம்மாதான் ஞாபகம் வருது.” அவ்வளவுதான் சொன்னாள், உட்கார்ந்துவிட்டாள்.

அன்று இரவு படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன், இந்த முறை வசுந்தராவை மட்டும். எவ்வளவு குறைவாகப் பேசுகிறாள்! அவளுக்கு ஆசை இருக்கிறதா, கோபம் இருக்கிறதா, அந்த வீட்டில் எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள், ஒன்றும் தெரியாது. நீலாம்பரியின் கன்னத்தில் அறைவதற்குக் கதைக்கு ஒரு கை தேவைப்பட்டது. வேலைக்காரப் பெண்ணின் அடக்கத்தை எடுத்து அந்தக் கையாக ஆக்கிக்கொண்டார்கள். ஏழைப் பெண்ணின் மேல் உள்ள மரியாதையில் அல்ல. பேசாமல் இருப்பாள் என்ற நம்பிக்கையில். நானும் இருபத்தைந்து வருடமாக அவளைப் பார்க்கவே இல்லை. என் கைதட்டலில் வசுந்தராவுக்கு ஒரு சத்தமும் இல்லை.

நீலாம்பரி மேல் உள்ள பிரியம் அதனால் போய்விடவில்லை. பிடித்ததற்குக் காரணம் தேடித் தேடி நியாயப்படுத்தும் வேலையை மட்டும் விட்டுவிட்டேன். அவள் கொடுமை செய்தாள். அவளைத் தண்டித்தது அந்தக் கொடுமைக்காக அல்ல. இரண்டும் உண்மை.

1995இல் வந்த ‘அம்மோரு’ என்ற தெலுங்குப் படத்தில் சௌந்தர்யா பக்தை, ரம்யா கிருஷ்ணன் அம்மன். பக்தையைக் காக்க அம்மன் கோபத்தோடு ஆடுகிறாள். கொட்டகைகளில் அம்மனுக்குக் கற்பூரம். நான்கே வருடத்தில் அதே இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்தினார்கள். அதே கோபத்துக்குச் செருப்பு. தெய்வத்துக்கு வரலாம், தனக்கென்று ஒரு பெண்ணுக்கு வரக் கூடாது. இரண்டாம் பாகத்துக்கு ரம்யா கிருஷ்ணன் இருக்கிறார். சௌந்தர்யா 2004இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். வசுந்தராவின் மௌனத்தை இனி யார் கலைப்பது என்று யாராவது யோசித்திருக்கிறார்களா தெரியவில்லை.

வரப்போகும் படம் பற்றி எனக்கு நம்பிக்கை குறைவு. காரணம் ‘ஜெயிலர்’. 2023இல் ஒருவழியாக ரம்யா கிருஷ்ணன் ரஜினிக்கு மனைவியாகிவிட்டார். என்ன கிடைத்தது? பயப்படவும் கவலைப்படவும் சாப்பாடு பரிமாறவும் ஒரு பாத்திரம். ‘ஜெயிலர் 2’இலும் அவர் இருக்கிறார். நீலாம்பரி கேட்ட கல்யாணம் இதுதான் என்றால் அந்த அறைக்குள்ளேயே இருந்திருக்கலாம்.

சுட்டுக்கொள்ளும்போது அடுத்த பிறவியில் பழிவாங்குவேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். 1978இல் ‘அவள் அப்படித்தான்’ மஞ்சுவையும் நடுத்தெருவில் இறக்கிவிட்டு, இன்று இறந்தாள், நாளை பிறப்பாள் என்கிற மாதிரிதான் முடித்தார்கள். என் இரண்டு பட்டியலிலும் பெண்களுக்கு அடுத்த பிறவிதான் ஒதுக்கியிருக்கிறது. சரி, அந்தப் பிறவி வந்துவிட்டது. இந்த முறை என்ன செய்வீர்கள்? நான் பயப்படும் கதை இது: வயதான நீலாம்பரி, கோயில், கண்ணீர், படையப்பாவின் காலில் ஒரு மன்னிப்பு. அல்லது இன்னும் மோசமாக, அவளுக்கு ஸ்லோமோஷன் நடையும் சுருட்டும் கொடுத்து, பெண்ணிய விழாப் படம் என்று விளம்பரம்.

அவள் படையப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அவனை விரும்பியதில் தப்பில்லை. கேட்க வேண்டியது ஒருத்தியிடம்தான், வசுந்தராவிடம். வசுந்தரா உடனே மன்னிக்கவும் வேண்டாம். இரண்டு பேரையும் ஒரு அறையில் உட்காரவைத்து, நாயகனை வாசலில் நிற்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம். அந்த ஊஞ்சலில் அன்று அவன் உட்கார்ந்ததற்கு எத்தனை விசில் அடித்தோம்.

அந்த மாணவியிடம் சொன்னேன், ‘நீலாம்பரி’ வந்தால் முதல் நாள் முதல் காட்சிக்கு வகுப்பே போகலாம், டிக்கெட் என் செலவு என்று. அவள் கொஞ்சம் யோசித்தாள். “நீங்க போய்ட்டு வந்து சொல்லுங்க மேம். வசுந்தரா பேசுனா நான் ரெண்டாவது நாள் வரேன்.”