அனுப்புநர் யாருங்க?

பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொன்னால் முதல் வரி என்ன? அனுப்புநர். பெறுநர், பொருள், ஐயா எல்லாம் அப்புறம்தான். விட்டுப்போனால் தமிழய்யா மார்க்கைக் குறைப்பார். அதே நாம்தான் வளர்ந்து, பவுண்டரி வைத்து, இ-மெயில் என்று வந்ததும் அந்த முதல் வரியை மெஷின் தலையில் கட்டிவிட்டோம்.

கோவையில் ஒரு மனிதர் என்பது ஒரு மனிதர் அல்ல. காலையில் கணபதியில் பம்ப்செட் கம்பெனி பார்ட்னர். மதியம் தொழில் சங்கச் செயலாளர். சாயங்காலம் ஊர்க் கோயில் திருப்பணிக் கமிட்டிப் பொருளாளர். நடுவில் பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு. நாலுக்கும் நாலு பேரேடு வைத்திருப்பார். கோயில் பணம் பத்து ரூபாய் கம்பெனிக் கணக்கில் கலந்தால் அன்றைக்குத் தூக்கம் வராது. பி.காம். முதல் வருஷத்தில் எங்களுக்குச் சொன்ன பாடமும் இதுதான்: முதலாளி வேறு, வியாபாரம் வேறு. கல்லாவிலிருந்து வீட்டுக்கு எடுத்தால் அதற்குப் பெயர் 'எடுப்பு'.

மெயிலில் மட்டும் நாலும் ஒரே கல்லா! நன்கொடைக்கு நன்றிக் கடிதம் பம்ப் கம்பெனி முகவரியிலிருந்து போகிறது. சங்கத்துக் கடிதமெல்லாம் சொந்த ஜிமெயிலில். பதவிக்காலம் முடிந்தால் அத்தனை கடிதப் போக்குவரத்தும் அவரோடு வீட்டுக்குப் போய்விடும். அடுத்த செயலாளர் ரப்பர் ஸ்டாம்ப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இது எடுப்பு இல்லையா?

"அதுக்கென்னங்க, நான்தானே அனுப்பறேன்?" என்பீர்கள். நீங்கள்தான். எந்த நீங்கள்?

இதற்கு வழி புதுசும் இல்லை. 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தபோது, ஷெல் அக்கவுன்ட் வாங்கியவர்கள் 'பைன்' என்ற எழுத்து மட்டுமே தெரியும் திரையில் மெயில் படித்தார்கள். அதே 1995-ல் மைக்கேல் எல்கின்ஸ் செய்தது 'மட்'. எல்லா மெயில் புரோகிராமும் மட்டம், இது கொஞ்சம் குறைச்சலான மட்டம் என்பது செய்தவரே தந்த நற்சான்றிதழ். படமில்லை, பட்டன் இல்லை. ஆனால் அனுப்புநர் யார் என்பதை நம்மையே எழுதித்தரச் சொல்கிறது.

'ஆல்டர்னேட்ஸ்' என்ற வரியில், இவையெல்லாம் என் முகவரிகள் என்று எழுதிவிட வேண்டும். 'ரிவர்ஸ் நேம்' என்பதை 'யெஸ்' ஆக்கினால், கோயில் முகவரிக்கு வந்த கடிதத்துக்குப் பதில் கோயில் முகவரியிலிருந்தே போகும். புதுக் கடிதத்துக்கு 'ஃபோல்டர் ஹுக்': சங்கத்து ஃபோல்டரில் உட்கார்ந்து எழுதினால் சங்க முகவரி. இதில் ஒரு சூட்சுமம். ஃபோல்டரை விட்டு வெளியே வந்தாலும் அந்த முகவரி ஒட்டிக்கொண்டே இருக்கும். எனவே எல்லா ஃபோல்டருக்கும் பொதுவான விதியை முதலில் எழுதிவிட்டுத்தான் விதிவிலக்கு. இல்லாவிட்டால் சங்கத்துப் பெயரில் சம்பந்திக்குக் கடிதம் போகும். எதிராளி உங்களை 'மோட்டார் மாமா' என்று பதிந்து வைத்திருந்தால், பதிலில் உங்கள் பெயரும் 'மோட்டார் மாமா' என்றே போகக்கூடும்! 'ரிவர்ஸ் ரியல்நேம்' என்பதை 'நோ' ஆக்குங்கள்.

கறுப்புத் திரை ஆகாது என்பவர்களுக்கு ஜிமெயிலிலும் தண்டர்பேர்டிலும் இந்த ஏற்பாடு உண்டு. யார் போய்ப் பார்க்கிறார்கள்?

"ஆளுக்கு நாலு முகவரி என்றால் ஃபிராடுக்குத்தானே வசதி?" என்று ஒரு வாதம் வரும். ஃபிராடு செய்கிறவனுக்கு உங்கள் அனுமதி எதற்கு? 1982-ல் எழுதிய எஸ்.எம்.டி.பி. விதிகளில் அனுப்புநரைச் சோதிக்கும் ஏற்பாடே கிடையாது. கவரின் மேல் யார் பெயர் இருந்தாலும் தபால்காரர் கொண்டுவந்து போடுவார் இல்லையா, அப்படி. பிறகுதான் எஸ்.பி.எஃப்., டி.கிம், டிமார்க் எல்லாம் வந்தன. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதில் கெடுபிடி. சங்க முகவரியைப் போட்டுக் கம்பெனி சர்வர் வழியாக அனுப்பினால் ஸ்பாமில் விழ வாய்ப்பு அதிகம். எந்த முகவரியோ அதற்கான சர்வர். மட்டில் அதற்கு 'சென்ட்2 ஹுக்'.

ஒரே எழுத்தை மாற்றிப் போலி டொமைன் பதிவுசெய்கிறவனை டிமார்க்கும் பிடிக்காது. அவனைப் பிடிக்க வேண்டியது கடிதம் வாங்குகிறவரின் கண். திருப்பூரிலிருந்து பனியன் வாங்கும் ஜெர்மன்காரரை நினைத்துப் பாருங்கள். இன்வாய்ஸ் ஒரு நாள் கம்பெனி முகவரியிலிருந்து, ஒரு நாள் உங்கள் ஜிமெயிலிலிருந்து, ஒரு நாள் மச்சினரின் யாஹூவிலிருந்து. நாலாவதாக ஒரு முகவரியிலிருந்து, "பேங்க் அக்கவுன்ட் மாறிவிட்டது, பணத்தை இதில் போடவும்" என்று வருகிறது. அவர் ஏனுங்க சந்தேகப்படப் போகிறார்?