பெருநாள் அன்பளிப்பும் பெற்றோரின் நீதியும்

நோன்புப் பெருநாள் நெருங்கிவிட்டால் நம் கடைவீதிகளில் கால் வைக்க இடமிருப்பதில்லை. சென்னை ரங்கநாதன் தெருவிலும் மதுரை விளக்குத்தூண் பகுதியிலும் இரவு வெகுநேரம் வரை விளக்குகள் எரிகின்றன. சிறு பிள்ளைகளுக்குச் சட்டையும் பாவாடையும் எடுப்போர் ஒருபுறம். வளர்ந்து, மணமுடித்து, தனிக்குடித்தனம் போய்விட்ட மக்களுக்காகக் கையில் பட்டியலுடன் அலையும் முதியோர் மற்றொருபுறம். இந்த இரண்டாவது கூட்டத்தாரைப் பற்றியே இன்று சிந்திக்க விழைகிறோம்.

சிறு பிள்ளைக்கு ஒரு சட்டை கிடைத்தால் போதும், மகிழ்ந்துவிடும். வளர்ந்த மக்களுக்கு வழங்கும்போதோ மருமகளின் மனம், சம்பந்தி வீட்டாரின் மதிப்பீடு, போன ஆண்டு கொடுத்ததன் நினைவு ஆகிய எல்லாம் சேர்ந்து நிற்கின்றன. பாசமாகத் தொடங்கியது கௌரவமாக மாறி, கடனில் முடியும் குடும்பங்கள் எத்தனை என்பதை வாசகர்களே அறிவீர்கள்.

அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்து நிகழ்ச்சி ஒன்றை இங்கே நினைவுகூர்வது பொருத்தமாகும். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு அவருடைய தந்தையார் ஓர் அன்பளிப்பை வழங்கினார். அதற்கு நாயகம் (ஸல்) அவர்கள் சாட்சியாக இருந்தாலன்றித் தம் மனம் நிறைவடையாது என்றார் தாயார். தந்தை நாயகத்திடம் சென்றார். மற்றப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று அவர்கள் வினவினார்கள். இல்லை என்றார் தந்தை. இறைவனை அஞ்சி, மக்களிடையே நீதியாக நடக்குமாறு நாயகம் அறிவுறுத்தினார்கள். தந்தையும் அந்த அன்பளிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்ற செய்தி இது. மக்கள் அனைவரும் உமக்கு ஒரேபோல் நன்மை செய்ய வேண்டுமென விரும்புகிறீரல்லவா என்று நாயகம் கேட்டதாகவும் ஓர் அறிவிப்பு உண்டு. முதுமையில் மக்களின் அன்பை எதிர்நோக்கும் ஒவ்வொரு பெற்றோரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

இந்த அளவுகோலை நம் இல்லங்களில் வைத்துப் பாருங்கள். வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பும் மூத்த மகனுக்கு விலையுயர்ந்த கைக்கடிகாரம். சம்பந்தி வீட்டார் செல்வர் என்பதால் ஒரு மகளுக்குப் பட்டுப்புடவை. எளிய இடத்தில் வாழ்க்கைப்பட்ட இன்னொரு மகளுக்குத் தள்ளுபடியில் எடுத்த சேலை. "அவள் ஒன்றும் நினைக்கமாட்டாள்" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். அவள் வாய் திறப்பதில்லை. ஆனால் நினைக்காமல் இருப்பாளா?

வாழ்நாளில் வழங்கும் அன்பளிப்பில் ஆண் பெண் இருபாலார்க்கும் சமமாகக் கொடுப்பதே சிறந்தது என்பது ஹனஃபி, ஷாஃபி மத்ஹபு அறிஞர்கள் பலரின் கருத்தாகும். நோய், கல்விச் செலவு, வறுமை போன்ற தேவைக்காக ஒருவருக்குக் கூடுதலாக உதவுவது வேறு. அதனைப் பெருநாள் பொட்டலத்தில் சேர்க்காமல், தனியாக, மறைவாகச் செய்துவிடலாம்.

பிறைக்குப் பிறை சேமிப்பு

நம் பெருநாள் சந்திர மாதத்தைப் பின்பற்றுவது. ஆங்கில ஆண்டைவிடச் சந்திர ஆண்டு ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. 2000ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒன்றும் டிசம்பரில் ஒன்றுமாக இரண்டு நோன்புப் பெருநாட்கள் வந்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள். சம்பளமும் போனசும் ஆங்கில மாதத்தைப் பார்க்கின்றன. பெருநாளோ நகர்ந்துகொண்டே இருக்கிறது. எனவே ஒவ்வொரு பிறையிலும் ஒரு தொகையை எடுத்து வைப்பதே நல்ல வழி. பிறைக்கு 1,000 ரூபாய் என்றால் அடுத்த பெருநாளுக்குள் 12,000 ரூபாய் சேரும். மூன்று மக்கள் என்றால் ஆளுக்கு 4,000. கடைக்குப் போகுமுன்பே இந்தத் தொகை முடிவாகிவிட வேண்டும்.

அதற்கும் முன்னதாக மூன்றை ஒதுக்கிவிடுங்கள்: தவணை வந்த கடன், கடமையான ஜகாத், பெருநாள் தொழுகைக்கு முன் சேரவேண்டிய ஃபித்ரா. ஏழையின் பங்கைக் குறைத்து மகனின் சட்டையை உயர்த்துவது அன்பளிப்பாகாது.

தள்ளுபடியின் கணக்கு

மலிவாக வாங்குவது குற்றமன்று. வீண்விரயத்தைக் கண்டிக்கும் திருமறை (17:26, 27), செலவில் விரயமும் கஞ்சத்தனமும் இல்லாத நடுநிலையைப் போற்றுகிறது (25:67). ஆனால் மலிவு எது என்று அறிந்து வாங்க வேண்டும். 800 ரூபாய்க்குச் சட்டை எடுக்க நினைத்துச் சென்றவர், 2,000 ரூபாய்ச் சட்டை "பாதி விலை" என்று 1,000 ரூபாய்க்கு வாங்கி வருகிறார். 1,000 ரூபாய் மிச்சம் என்கிறார். உண்மையில் 200 ரூபாய் கூடுதல் செலவு.

வரியையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஓர் ஆடைக்குச் சரக்கு சேவை வரி 5 விழுக்காடு; அதற்கு மேற்பட்டால் 18 விழுக்காடு. வரிக்கு முந்தைய விலை 2,500 என்றால் வரியுடன் 2,625 ரூபாய். 2,600 என்றாலோ 3,068 ரூபாய். விலையில் 100 ரூபாய் வேறுபாடு, கையிலிருந்து 443 ரூபாயைக் கொண்டுபோகிறது.

கைப்பேசி வழியே வாங்குவோர் "இன்னும் இரண்டே உள்ளன", "பத்து நிமிடத்தில் சலுகை முடிகிறது" என்னும் அறிவிப்புகளைக் காண்கின்றனர். இத்தகைய பொய்யான அவசரம் உள்பட 13 வகை ஏமாற்று உத்திகளை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட நெறிமுறைகள் தடை செய்துள்ளன. ஏமாற்றப்பட்டோர் 1915 என்ற தேசிய எண்ணில் முறையிடலாம்.

மிகவும் அஞ்ச வேண்டியது "வட்டியில்லாத் தவணை". வட்டியே இல்லாத கடன் என்ற கருத்து உண்மையில் இல்லை என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு எழுதிய சுற்றறிக்கையில் கூறியது. ரொக்கத்துக்கு வாங்குவோருக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்காரருக்கு மறுக்கப்பட்டு, அது வட்டியாக வங்கிக்குப் போவதும் உண்டு. செயல்முறைக் கட்டணம் வேறு. விற்பவரே விலையை நிர்ணயித்துத் தவணையில் பெற்றுக்கொள்வதை மார்க்க அறிஞர் பலர் அனுமதிக்கின்றனர். இடையில் வட்டிக் கடன் நுழையும்போது நிலைமை மாறிவிடுகிறது. எனவே ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையொப்பமிட வேண்டாம். ஒரு மாதம் நோன்பிருந்து, வட்டியில் வாங்கிய துணியைப் பெருநாளன்று மகனுக்கு உடுத்துவதா?

பேரம் பேசுவதிலும் ஒரு பண்பு வேண்டும். விற்கும்போதும் வாங்கும்போதும் கடனைக் கேட்கும்போதும் இலகுவாக நடப்பவருக்கு இறையருளை வேண்டினார்கள் நாயகம் (ஸல்) அவர்கள் (புகாரி). பெரிய கடையில் குறித்த விலையை மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டு, நடைபாதையில் கைக்குட்டை விற்பவரிடம் ஐந்து ரூபாய்க்குப் போராடுவது நமக்கு அழகா?

தங்கத்தைக் குறித்தும் ஒரு சொல். 2025 அக்டோபரில் சென்னையில் ஒரு பவுன் 90,000 ரூபாயைக் கடந்தது. முன்னொரு காலத்தில் மகளுக்குச் சிறு மோதிரம் கொடுத்த பெற்றோர் இன்று கொடுக்க இயலாமல் வருந்துகின்றனர். வருந்த வேண்டாம். அண்டை வீட்டுப் பெண் தரும் அன்பளிப்பு ஆட்டின் குளம்பாயினும் அதை அற்பமாகக் கருதலாகாது என்பது நபிமொழி.

பெற்றோரே, இந்த ஆண்டு மக்களை அழைத்து, "எங்களால் இயன்றது இவ்வளவே, உங்கள் மூவருக்கும் ஒன்றுபோல் கொடுக்கிறோம்" என்று மனம் திறந்து சொல்லுங்கள். வளர்ந்த மக்களே, நீங்கள் முந்திக்கொண்டு, "வாப்பா, எங்களுக்கு எதுவும் வேண்டாம், கடன் மட்டும் வாங்காதீர்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அந்தச் சொல்லைவிடச் சிறந்த பெருநாள் பரிசு அவர்களுக்கு வேறில்லை.

மக்களிடையே நீதி செலுத்தவும், கடனற்ற மகிழ்ச்சியுடன் பெருநாளைக் கொண்டாடவும் வல்ல இறைவன் நமக்கு அருள் புரிவானாக!