மாடு வளர்ப்பவரின் மொழியில் ஒரு தேர்வு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிளஸ் டூ முடிவுகளும் கால்நடை மருத்துவப் படிப்புக்கான தரவரிசைப் பட்டியலும் வெளியானதும், இடம் கிடைக்காதவர்கள் வெளிநாட்டில் படிக்கலாமா என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. 1787-இல் தொடங்கப்பட்ட புடாபெஸ்ட் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஹங்கேரிய மொழியோடு ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் பாடம் நடப்பதை யாராவது எடுத்துச் சொல்வார்கள். செலவு எவ்வளவு, 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி இங்கே பதிவு செய்ய முடியுமா என்றெல்லாம் பெற்றோர் விசாரிப்பார்கள். திரும்பி வந்த பிறகு மாட்டுக்காரரிடம் இந்தப் பிள்ளை எந்த மொழியில் விவரம் கேட்கப் போகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. வெளிநாடு போகிறவர்கள்மீது எனக்கு வருத்தம் இல்லை. வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் படிப்பவர்களிடமும் இந்தக் கேள்வி கேட்கப்படவில்லை என்பதுதான் என் ஆட்சேபம். 2021-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கால்நடை மருத்துவத்திலும் 7.5 சதவீத இடம் ஒதுக்கியது. உத்திரமேரூர் வட்டாரத்து அரசுப் பள்ளியில் உயிரியலைத் தமிழில் படித்த பிள்ளை அந்த ஒதுக்கீட்டில் உள்ளே நுழைந்தால், உடற்கூறு தொடங்கி அறுவை சிகிச்சை வரை ஐந்தரை ஆண்டுப் படிப்பும் ஆங்கிலத்தில்தான். வெளிநாடு போகும் மாணவருக்காவது அந்த நாட்டு மொழியைக் கற்க ஒரு வகுப்பு வைப்பார்கள்.

மற்ற எந்தப் படிப்பையும்விடக் கால்நடை மருத்துவத்தில் மொழி ஏன் முக்கியம்? நோயாளி வாய் திறந்து எதையும் சொல்லாது. நோயின் கதை முழுவதும் வளர்ப்பவரிடம் இருக்கிறது. கறவை மாடு எழ முடியாமல் படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கன்று போட்டு எத்தனை நாள் ஆயிற்று என்பதுதான் முதல் கேள்வி. ஓரிரு நாள்தான் என்றால் சுண்ணாம்புச் சத்து குறைந்த பால் காய்ச்சலாக இருக்கலாம். இரத்தக் குழாய் வழியாகக் கால்சியம் ஏற்றினால் பெரும்பாலும் எழுந்து நிற்கும். கன்றை இழுத்து எடுத்தார்களா என்று கேட்காமல் விட்டால், இடுப்பு நரம்பு நசுங்கிய மாட்டுக்கும் அதே பாட்டில்தான் ஏறும். வயிறு உப்பிய மாட்டுக்கு, பயறுவகைப் பசுந்தீவனத்தை மேய்ந்ததா, கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றைத் தின்றதா என்பதைப் பொறுத்து நோயும் மாறும், மருந்தும் மாறும். சோறு போட்டதைச் சொன்னால் டாக்டர் திட்டுவார் என்று மறைக்கிறவர்கள் உண்டு. அது ஒரு விவரமா என்று சொல்லாமல் விடுகிறவர்கள் அதைவிட அதிகம். மழைக்குப் பின் முளைத்த இளம்புல்லை மேய்ந்த ஆடு திடீரென்று செத்து விழுந்தால் துள்ளுமாரியை நினைக்கலாம். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத இரத்தம் வடிந்திருந்தால் அடைப்பானைச் சந்தேகித்து, உடலை அறுக்காமலே புதைக்கச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பே தோலை உரித்தாயிற்றா, யார் கை வைத்தது, கறியைப் பங்கு போட்டார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் மனித உயிரும் அடங்கியிருக்கிறது. கன்று வீசிய மாட்டைப் பற்றிக் கேட்பதும் இப்படித்தான். அது கருச்சிதைவுக் கிருமியால் நேர்ந்ததாக இருந்தால், நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்துப் போட்டவரையும் அந்தக் கிருமி பிடிக்கும். இந்தக் கேள்விகளை எந்த வரிசையில், எந்தத் தொனியில், அதட்டாமல் கேட்பது என்பது சிகிச்சையின் ஒரு பகுதி. ஊசி போட்ட பிறகு எத்தனை நாள் பாலைச் சங்கத்தில் ஊற்றக் கூடாது என்பதை எதிரில் நிற்பவருக்கு விளங்கச் சொல்வதும் அப்படியே.

இதை உலகம் அறியாமல் இல்லை. வெளிநாட்டில் படித்த கால்நடை மருத்துவர்களின் ஆங்கிலத்தைச் சோதிக்க ஆஸ்திரேலியா ஏற்றுக்கொள்ளும் தேர்வுகளில் ஒன்று ஓஇடி. அதில் கால்நடை மருத்துவர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பேச்சுத் தேர்வில் எதிரே ஒருவர் விலங்கின் உரிமையாளராக உட்காருவார். அவருடைய கவலையைக் கேட்டு, விவரம் வாங்கி, சிகிச்சையை விளக்க வேண்டும். அப்படி இரண்டு உரையாடல்கள். எழுத்துத் தேர்வில் நோய்க் குறிப்புகளைப் படித்து ஒரு கடிதம் எழுத வேண்டும். ஜெர்மனியில் உரிமம் கேட்கும் வெளிநாட்டுக் கால்நடை மருத்துவரும் ஜெர்மன் தெரிந்திருப்பதை நிரூபித்தாக வேண்டும். பல மாநிலங்களில் மருத்துவத் தொழில்மொழிக்கென்றே தேர்வு வைக்கிறார்கள். ஆக, நம் ஊர்ப் பிள்ளை மெல்போர்னில் ஒரு நாய்க்கு மருந்து கொடுக்க வேண்டுமானால், அந்த நாயை வளர்ப்பவரிடம் பேசத் தெரியும் என்று காட்ட வேண்டும். எங்கள் ஊர் சாலவாக்கத்தில் ஒரு பசுவுக்கு மருந்து கொடுக்க அப்படி எதையும் காட்ட வேண்டியதில்லை. இந்த முரண்பாட்டை இத்தனை ஆண்டுகளாக மாநிலக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் அரசும் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதைக் கண்டிக்கத்தான் இந்தக் கடிதம்.

அரசு வேலைக்குத்தான் தமிழ்த் தேர்வு வந்துவிட்டதே என்பார்கள். வந்திருக்கிறது. 2022-இல் 731 கால்நடை உதவி மருத்துவர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டபோதும் தேர்வாணையம் தமிழ்த் தகுதித் தாளை வைத்தது. ஆனால் அது பத்தாம் வகுப்புத் தரத்தில் விடையைத் தேர்ந்தெடுக்கும் தாள். பிழை நீக்குவதிலும் எதிர்ச்சொல் கண்டுபிடிப்பதிலும் நல்ல மதிப்பெண் வாங்கியவர், அசைபோடாத மாட்டைப் பற்றி நான்கு கேள்வி ஒழுங்காகக் கேட்பார் என்பதற்கு அது சான்று அல்ல. எல்லாத் துறைகளுக்கும் பொதுவான வடிகட்டியை ஒரு தொழிலின் திறனுக்கு அளவுகோலாகக் காட்டுவது வசதியான வாதம், அவ்வளவுதான். விரிவாக்கக் கல்வி என்றொரு பாடம் இருப்பதையும் சுட்டிக்காட்டுவார்கள். அந்தப் பாடத்தையும் ஆங்கிலத்தில் படித்து ஆங்கிலத்தில்தான் தேர்வு எழுதுகிறார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழில் பேசச் சொல்லித்தர வேண்டுமா என்ற கேள்வி இதைவிட நியாயமானது. வீட்டில் பேசுவது வேறு, நோய்க்கதை வாங்குவது வேறு. ஆங்கிலத்தை வீட்டில் பேசி வளரும் மாணவருக்கும் இங்கிலாந்தின் கால்நடைக் கல்லூரிகள் உரிமையாளரிடம் பேசும் முறையைத் தனியாகச் சொல்லித்தருகின்றன. நகரத்தில் வளர்ந்து, தொழுவத்தையே கல்லூரியில் முதன்முதலாகப் பார்ப்பவரும் இந்தப் படிப்பில் இருக்கிறார். அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத இடங்களில் வருகிறவர்களுக்குத் தமிழ் புதிது. அவர்கள்மீது சுமை ஏற்றலாமா என்பதும் யோசிக்க வேண்டியதே. ஆனால் பயிற்சி மருத்துவராக அவர்கள் தொட்டுப் பார்க்கப்போவது இங்குள்ளவர்களின் மாட்டைத்தானே? தொழில் நடத்த வேண்டிய அளவுத் தமிழை, அந்தப் பயிற்சிக்கு முந்தைய நான்கரை ஆண்டில் கற்றுத்தர முடியாதென்றால் குறை மாணவரிடம் இல்லை.

தமிழில் கலைச்சொல் போதாது என்ற பழைய பல்லவியை இந்தப் பல்கலைக்கழகமே பொய்யாக்கிவிட்டது. நம் பக்கத்துக் காட்டுப்பாக்கத்தில் இருக்கும் அதன் வேளாண் அறிவியல் நிலையம் கறவை மாடு வளர்ப்பு முதல் ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பு வரை எல்லாவற்றையும் விவசாயிகளுக்குத் தமிழில்தான் சொல்லித்தருகிறது. விவசாயிக்குச் சொல்லப் போதுமான சொற்கள் மாணவருக்குச் சொல்லும்போது மட்டும் எப்படித் தீர்ந்துபோகும்? 2010-இல் தொடங்கிய தமிழ்வழிப் பொறியியல் சோர்ந்துபோனதையும், 2023-இல் அண்ணா பல்கலைக்கழகம் சில உறுப்புக் கல்லூரிகளில் அதை நிறுத்தப்போவதாக அறிவித்து எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெற்றதையும் எடுத்துக்காட்டுவார்கள். பொறியாளரை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் ஆங்கிலத்தில் நேர்காணல் நடத்துகிறது. அந்தப் பயம் மாணவரை விரட்டியது. கால்நடை மருத்துவரை நேர்காணல் செய்வது மாட்டுக்காரர். அவருக்குத் தெரிந்த மொழி தமிழ். தவிர, எல்லாவற்றையும் தமிழில் மாற்றுங்கள் என்று நான் கேட்கவுமில்லை. ஆராய்ச்சிக் கட்டுரை ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைப் படிக்கும் வழியை அடைத்தால் நம் பிள்ளைகளுக்குத்தான் நட்டம்.

முழுக்கத் தமிழில் மருத்துவம் கற்பித்த ஒருவர் வரலாற்றில் இருக்கிறார் என்பதையும் இங்கே சொல்லலாம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன் முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். பிறகு 1860-களில் தமிழுக்கு மாறி, உடற்கூறு, அறுவை சிகிச்சை, வேதியியல் நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசுப் பணிக்கும் நகரத்துக்கும் போய்விடுகிறார்கள், கிராமத்துக்கு மருத்துவர் வேண்டும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய ஏற்பாட்டை அப்படியே திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் அவர் கண்ட காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 95 லட்சம் மாடுகளும் ஏறக்குறைய 99 லட்சம் வெள்ளாடுகளும் 45 லட்சம் செம்மறிகளும் இருந்தன. காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்தில் வளர்க்கும் சென்னைச் சிவப்பு ஆடும் அதில் சேர்த்தி. இவற்றை வளர்ப்பவர்களில் ஆங்கிலத்தில் நோய் சொல்லக்கூடியவர் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுக்கத் தேவையில்லை. இப்போது 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வருகிறது. நல்ல திட்டம். ஆனால் மாடு கண்ணுக்குத் தெரியாத அந்தத் தொலைபேசியில் கையில் இருப்பது பேச்சு மட்டுமே.

ஆகவே பல்கலைக்கழகமும் கால்நடை பராமரிப்புத் துறையும் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். இறுதி ஆண்டில், ஆடுமாடு வளர்க்கும் ஒருவரை எதிரே உட்காரவைத்து நோய்க்கதை கேட்டு, சிகிச்சையை விளக்கும் செய்முறைத் தேர்வைத் தமிழில் வைத்து, அதில் தேறாமல் பட்டம் இல்லை என்று ஆக்க வேண்டும். தமிழ்வழியில் வரும் மாணவருக்கு முதல் ஆண்டில் பாடத்தோடு ஒட்டிய இருமொழிக் கையேடும் துணை வகுப்பும் வேண்டும். வெளிநாட்டில் படித்து இங்கே பதிவு செய்கிறவருக்கும் அந்தத் தமிழ்த் தேர்வு பொருந்த வேண்டும். இதற்கெல்லாம் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் பாடத்திட்டம் இடம் தராது என்று பதில் வரக்கூடும். அப்படியானால் கவுன்சிலுக்கு எழுதிக் கேளுங்கள். எழுதியதையும் வந்த பதிலையும் மக்களுக்குத் தெரியப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாலவாக்கம், உத்திரமேரூர் வட்டம்,
காஞ்சிபுரம் மாவட்டம்.