ரெண்டு தரம் சொல்லிட்டு கடையைக் கட்டுறவங்க

போன ஞாயித்துக்கிழமை ராத்திரி. பழைய வாட்ச் சேர்க்கிற நாங்க நாப்பது அம்பது பேர் இருக்கிற ஒரு வாட்ஸப் குழுவுல எச்.எம்.டி. வாட்ச் ஒண்ணு ஏலத்துல ஓடிட்டு இருந்துச்சு. ஒன்பது மணிக்கு முடியும்னு போட்டவரே எழுதியிருந்தார். எட்டு அம்பதுக்கு அவர்கிட்டேருந்து ஒரு மெசேஜ்: "ஏலம் கேன்சல். சாரி நண்பர்களே." அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை காலையில அதே வாட்ச், அதே போட்டோ, ஆறாம் நம்பர் பக்கத்துல அதே கீறல். ஆரம்ப விலை மட்டும் டபுள்.

(டைட்டன் கம்பெனி இருக்கிற ஒசூர்ல உக்காந்துகிட்டு எச்.எம்.டி. சேர்க்கிறியேன்னு கேக்காதீங்க. அது தனிப் பதிவுக்கான மேட்டர். :-))

குழுவுல ரெண்டு பேர் சண்டைக்குப் போனாங்க. நாலு பேர் "அவர் பொருள், அவர் இஷ்டம்"னு சமாதானம் சொன்னாங்க. நான் வாயைத் திறக்கலை. அதுக்கு ஒரு காரணம் இருக்கு, கடைசியில சொல்றேன். ஆனா அந்த "அவர் பொருள், அவர் இஷ்டம்" மட்டும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. அதான் இந்தப் பதிவு.

ஒரு லேத்தின் கதை

2009-ஆம் வருஷம். வண்டி வாகன மார்க்கெட் படுத்து, சிப்காட்ல பல கம்பெனிகள்ல ஷிஃப்ட் குறைஞ்ச நேரம். எங்கூட டூல் ரூம்ல இருந்த ஒரு அண்ணனுக்கு கான்ட்ராக்ட் முடிஞ்சுபோச்சு. இருபது வருஷ டர்னர். இனி யார்கிட்டயும் போய் நிக்கறதில்லை, சொந்தமா ஒரு லேத் போட்டு ஜாப் ஒர்க் பண்ணலாம்னு முடிவெடுத்தார்.

ஒரு ஏலத் தளத்துல (பேர் வேண்டாம்) பெங்களூர்க்காரர் ஒருத்தர் பழைய நாலரை அடி லேத் போட்டிருந்தார். ஆரம்ப விலை 10,000 ரூபாய். ஏழு நாள் ஏலம். அண்ணனுக்கு கம்ப்யூட்டர் பழக்கமில்லை, அதனால என் கணக்குலதான் கேட்டோம். அஞ்சாவது நாள் 31,500-ல நாங்கதான் முன்னாடி. அண்ணி செயின் அடகுக்குப் போச்சு. அத்திப்பள்ளி தாண்டி ஏத்திட்டு வர ஒரு குட்டி யானையும் பேசி வெச்சாச்சு. அப்போ ஜி.எஸ்.டி. இல்லாத காலம், பேப்பர் சரியில்லாம ஜூஜுவாடி செக்போஸ்ட்டைத் தாண்ட முடியாது. அதுக்கும் ஒருத்தரைப் பிடிச்சு விசாரிச்சு வெச்சார்.

இதுக்கு நடுவுல ஒசூர் சிட்கோவுலயே ஒரு பட்டறைய மூடினாங்க. அவங்க லேத் 38,000. கண்ணால பாத்து, ஓட்டிப் பாத்து வாங்கலாம். அண்ணன் என்னைக் கேட்டார், "என்ன தம்பி பண்ணலாம்?" நான் பெரிய நியாயஸ்தன் மாதிரி சொன்னேன்: "அண்ணே, ஏலத்துல நாமதான் முன்னாடி இருக்கோம். ஜெயிச்சுட்டு வாங்காம விட்டா தப்பு. ரெண்டு நாள் பொறுங்க." பொறுத்தார்.

ஆறாவது நாள் காலையில ஏலம் முடிஞ்சிருச்சுன்னு வந்துச்சு. காரணம்: பொருள் விற்பனைக்கு இல்லை. மூணாவது நாள் அதே லேத், டெயில்ஸ்டாக்ல அதே துருவோட, 45,000-ல இருந்து ஆரம்பம். சிட்கோ லேத்தோ அதுக்குள்ள ஓசூரைத் தாண்டி எங்கேயோ போயிருச்சு. அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டலை. "விடு தம்பி, அவன் பொருளு"ன்னார். அதைக் கேட்டதுக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம். ஒண்ணரை மாசம் கழிச்சுதான் அவருக்கு வேற லேத் அமைஞ்சது. அது வரைக்கும் செயினுக்கு வட்டி ஓடிட்டே இருந்தது.

யார் கை கட்டியிருக்கு?

என் கட்சி இதுதான். பொருள் அவரோடதுதான், சந்தேகமே இல்லை. ஆனா ஏலம்னு போட்டு முடிவு நேரத்தையும் எழுதின நிமிஷம், நாலு பேரோட பணத்தையும் நேரத்தையும் அவர் பிடிச்சு வெச்சிருக்கார். நான் 31,500 கேட்டா அந்தப் பணம் எனக்கு இல்லை, வேற இடத்துல போட முடியாது. ஜெயிச்சுட்டு வாங்காம போனா என் கணக்குல கரும்புள்ளி. அவரோ எந்த நிமிஷமும் எழுந்து போகலாம். போகும்போது வெறுங்கையோடயும் போகலை. இந்த லேத்துக்கு இவ்வளவு வரைக்கும் தர ஆள் இருக்குன்னு எங்க செலவுல தெரிஞ்சுக்கிட்டு, அதையே அடுத்த ஆரம்ப விலையா மாத்திக்கிட்டார். ஏலம்னா ரெண்டு பக்கமும் கை கட்டியிருக்கணும். ஒரு பக்கம் மட்டும் கட்டியிருந்தா அது ஓசியில மார்க்கெட் சர்வே.

நம்மூர் ஏலச்சீட்டை நினைச்சுப் பாருங்க. சீட்டு நடத்துறவர் "ஒரு தரம், ரெண்டு தரம்" வரைக்கும் சொல்லிட்டு, "தள்ளு பத்தலை, அடுத்த வாரம் பாத்துக்கலாம்"னு எழுந்தா அந்தத் தெருவுல அவர் திரும்ப நடமாட முடியுமா?

அவங்க பயத்துலயும் ஒரு நியாயம்

விக்கிறவங்க பக்கமும் கொஞ்சம் பேசிடறேன். அஞ்சாவது நாள் வரைக்கும் விலை தரையிலயே கிடந்தா யாருக்கும் வயித்தைக் கலக்கத்தான் செய்யும். விலை ஏன் கிடக்குது? வாங்குறவங்க எல்லாரும் கடைசி நிமிஷத்துலதான் கேக்குறாங்க. ஆல்வின் ராத், ஆக்சல் ஒக்கன்ஃபெல்ஸ்னு ரெண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் 2002-ல இதைப் பத்தி ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதியிருக்காங்க (ராத் 2012-ல நோபல் வாங்கினவர்). ஈபேல கடிகாரம் அடிச்சா ஏலம் முடிஞ்சது. அதே காலத்துல அமேசானும் ஏலம் நடத்திட்டு இருந்தது. அங்க கடைசி நேரத்துல யாராவது கேட்டா பத்து நிமிஷம் நீளும். அதனால கடைசி நிமிஷக் கூட்டம் ஈபேலதான் ரொம்ப அதிகம்.

"மூணு தரம்" சொல்ற நம்ம வாய் ஏலமும் இந்த நீளுற ஜாதிதான். இன்னொருத்தர் விலை ஏத்தினா எண்ணிக்கை திரும்ப ஒண்ணுலேருந்து. பேப்பர்ல வர்ற பாங்க் ஏல அறிவிப்புகள்லயும் அஞ்சு நிமிஷ நீட்டிப்புன்னு போட்டிருக்கிறதைப் பாத்திருப்பீங்க. கடிகாரத்தை வெச்சு முடிக்கிற ஏலத்துலதான் இந்தச் சுத்தல். வாங்குறவன் கடைசி வரைக்கும் பதுங்குறான், விக்கிறவன் பயந்து நடுவுலயே இழுத்து மூடுறான், அதைப் பாத்து வாங்குறவன் இன்னும் பதுங்குறான்.

ஆனா பயத்துக்கு மருந்து ஏற்கனவே இருக்கே. இதுக்குக் கீழே தரமாட்டேன்னு ஒரு விலை இருந்தா அதையே ஆரம்ப விலையா போடுங்க. இல்லை, ஏலமே வேண்டாம், ஒரே விலைன்னு போடுங்க. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல, 2016-ல வந்த இ-நாம் ஏலத்துல, உச்ச விலை கட்டுபடியாகலைன்னா விவசாயி தரமாட்டேன்னு சொல்லலாம். அதை யாரும் மோசடின்னு சொல்றதில்லை. ஏன்னா அந்த விதி வியாபாரிக்கும் முன்னாடியே தெரியும், மறுக்கிறதும் எல்லார் கண்ணு முன்னாடியும் நடக்குது. பத்து ரூபாய்ல ஆரம்பம்னு ஆளைக் கூட்டிட்டு, மனசுக்குள்ள ஆயிரம் ரூபாய் கோட்டை ஒளிச்சு வெக்கிறதைத்தான் நான் தப்புங்கறேன்.

கோர்ட் என்ன சொல்லுது?

நம்ம ஊர் சட்டம் 1930-ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம். 64-வது பிரிவுப்படி சுத்தியல் விழுந்தாத்தான் விற்பனை முடிஞ்ச கணக்கு. அதுவரைக்கும் கேட்டவரும் வாபஸ் வாங்கலாம். ஏலத் தளங்களோட விதிதான் கேட்டவனை இன்னும் இறுக்கிக் கட்டினது.

ஜெர்மனியில வேற மாதிரி. ஈபேல ஏலம் போட்டாலே அது உங்களைக் கட்டுப்படுத்துற வாக்கு. அங்க ஒருத்தர் ஒரு ஜெனரேட்டரை 1 யூரோவுல ஆரம்பிச்சு, ரெண்டு நாள்ல ஏலத்தை நிறுத்திட்டு வெளியில வித்துட்டார். அப்போ முன்னாடி இருந்த கேள்வியே அந்த ஒரு யூரோதான். கேட்டவர் விடலை. 2014 டிசம்பர்ல அந்த நாட்டு உச்ச சிவில் கோர்ட் 8,500 யூரோ நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லிருச்சு. கரண்ட் போனா ஜென்செட் உறுமுற சிப்காட்ல இருந்து இதைப் படிச்சப்போ எனக்கு அண்ணன் ஞாபகம்தான் வந்துச்சு. அதே கோர்ட்தான் 2011-ல, கேமரா திருடு போனதால ஏலத்தை நிறுத்தினவரை விட்டுடுச்சு. நிஜமான காரணம் இருந்தா நிறுத்தலாம், விலை பத்தலைங்கறது காரணம் ஆகாது.

இங்கிலாந்துல 2000-ல ஒரு தீர்ப்பு. புதுசா வாங்கினா ஒண்ணு 14,000 பவுண்ட் ஆகிற ரெண்டு எஞ்சின் அனலைசர். குறைந்தபட்ச விலை இல்லைன்னு சொல்லி ஏலம் விட்டாங்க. ஒரே ஒருத்தர் தலைக்கு 200 பவுண்ட் கேட்டார். ஏலக்காரர் தரமாட்டேன்னு எடுத்துட்டார். கோர்ட் போட்ட நஷ்ட ஈடு 27,600 பவுண்ட்!

நம்ம சுப்ரீம் கோர்ட்டும் 2023 செப்டம்பர்ல ஈவா அக்ரோ ஃபீட்ஸ் வழக்குல கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லியிருக்கு. திவாலான ஒரு கம்பெனியோட சொத்து, விதிப்படி நடந்த ஏலம். இன்னும் அதிகம் கிடைக்கலாம்னு லிக்விடேட்டர் ரத்து பண்ணிட்டார். வெறும் எதிர்பார்ப்பை வெச்சு, முறையா நடந்த ஏலத்தை ரத்து பண்ணக்கூடாதுன்னு தீர்ப்பு. அது திவால் சட்டத்துல நடந்த ஏலம், வாட்ஸப் வாட்சுக்கு அப்படியே பொருந்தாது. நியாயம் ஒண்ணுதானே?

நம்ம இந்தியாவுல 2000-ல பாஸி.காம் வந்து, 2004-ல ஈபே அதை வாங்கி, 2018-ல ஈபே இந்தியாவும் மூடியாச்சு. இப்போ வாட்ச், நாணயம், ஸ்டாம்ப் ஏலமெல்லாம் வாட்ஸப்பும் ஃபேஸ்புக்கும்தான். ஈபேலயாவது கடைசி 12 மணி நேரத்துல கேள்வி வந்திருந்தா, முன்னாடி இருக்கிறவருக்கு வித்துத்தான் முடிக்கணும்னு விதி உண்டு. வாட்ஸப் குழுவுல விதியும் கிடையாது, கரும்புள்ளியும் கிடையாது. நாம கொடுத்த வாக்கு ஒண்ணுதான் இருக்கு.

இப்போ அந்தக் காரணம்

நானும் இதைச் செஞ்சிருக்கேன்.

லேத் கதை நடந்து ரெண்டு வருஷம் கழிச்சு. ஒரு எச்.எம்.டி. ஜனதாவை 100 ரூபாய்ல ஏலத்துக்குப் போட்டேன். அஞ்சாவது நாள் 650-ல நின்னது. பெங்களூர்லேருந்து ஒருத்தர் போன் பண்ணி 1,500 தரேன், இன்னிக்கே வந்து எடுத்துக்கறேன்னார். ஏலத்தை நிறுத்திட்டேன். காரணம் கேட்ட இடத்துல "வாட்ச்சுல கோளாறு"ன்னு போட்டேன். கூசாம.

650-ல முன்னாடி இருந்தது பர்கூர்ல படிக்கிற ஒரு பையன். அன்னிக்கு ராத்திரியே மெயில் போட்டிருந்தான். "அண்ணா, என்ன கோளாறுன்னு சொல்லுங்க. ரிப்பேர்னாலும் பரவாயில்லை, அதே விலைக்கு நான் எடுத்துக்கறேன். அஞ்சு நாளா தினம் பாத்துட்டு இருந்தேன்." நான் பதில் போடலை. என்னன்னு போடறது? ஓடாத வாட்ச்சுக்கும் அவன் அதே 650 தரத் தயாரா இருந்தான். நான் நல்லா ஓடுற வாட்ச்சை வெச்சுக்கிட்டுப் பொய் சொல்லியிருக்கேன். 850 ரூபாய்க்கு.

அண்ணனோட கோபப்படாத முகமும் அந்த மெயிலும் எனக்கு ஒண்ணாத்தான் ஞாபகம் வரும். அதனாலதான் ஞாயித்துக்கிழமை குழுவுல வாயைத் திறக்க முடியலை.

இப்போ நான் வெச்சிருக்கிற வழக்கம் இதுதான். இந்த விலைக்குப் போனாலும் வயிறு எரியாதுங்கற தொகையைத்தான் ஆரம்ப விலையா போடுவேன். வெளியிலேருந்து யார் எவ்வளவு தரேன்னாலும் "ஏலத்துல வந்து கேளுங்க"ன்னு சொல்லிடுவேன். நிஜமாவே பொருள் உடைஞ்சாலோ தொலைஞ்சாலோ முன்னாடி இருக்கிறவர்கிட்டதான் முதல்ல, உண்மையைச் சொல்லுவேன். இதனால ரெண்டு வாட்ச் அடிமாட்டு விலைக்குப் போயிருக்கு. போகட்டும்.

சனிக்கிழமை அந்தக் குழுவுல இதையே சொல்லப் போறேன், என் கதையையும் சேர்த்து. கல்லடி விழுந்தா அடுத்த பதிவுல சொல்றேன்.

டிஸ்கி: அண்ணன் இப்போ நல்லா இருக்கார். பட்டறையில மூணு லேத் ஓடுது. ஒண்ணு கூட ஏலத்துல வாங்கினது இல்லை. :-)