மறையும் உரையும்

தமிழில் 'மறை' என்ற சொல் வேதத்தையும் குறிக்கும்; மறைந்திருப்பதையும் குறிக்கும். கத்தோலிக்க ஆலயங்களில் பிரசங்கத்துக்கு 'மறையுரை' என்று பெயர். உரைக்க வருபவர் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அந்தப் பெயரே நினைவூட்டுவதாக எனக்குத் தோன்றும். இன்று காதில் விழும் பல உரைகளில் அந்த நிறுத்தம்தான் இல்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர் பலரை ஆழிப்பேரலை கடற்கரையிலேயே கொண்டுபோயிற்று. பேராலயம் தப்பியது. அதை அற்புதம் என்றவர்கள் உண்டு. அலையையே பாவத்தின் தண்டனை என்றவர்களும் உண்டு. இரு சாராரும் பக்தியோடுதான் பேசினார்கள். ஆனால் பிள்ளையைக் கடலுக்குப் பறிகொடுத்து நிற்கும் தாயிடம் இவற்றில் எதைச் சொல்வது? முதலாவதைச் சொன்னால், தன் பிள்ளைக்கு மட்டும் ஏன் அந்த அற்புதம் எட்டவில்லை என்று அவள் கேட்பாள். இரண்டாவது, அவளைக் கேட்கவே விடாது.

விவிலியத்தில் யோபுவின் நண்பர்கள் மூவரும் முதலில் ஏழு நாள், இரவும் பகலும், அவரோடு தரையில் பேசாமல் அமர்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். பிறகு வாய் திறந்து அவருடைய துன்பத்துக்குக் காரணம் கற்பித்தார்கள். இறுதியில் கடவுளின் சினத்துக்கு ஆளானவர்கள் அந்த மூவரே. கடவுளோடு வழக்காடிய யோபுவுக்கு அந்தச் சினம் இல்லை.

அப்படியானால் கடவுளைப் பற்றிப் பேசவே கூடாதா? 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் 3615 பாடல்களில் தேம்பாவணியைப் பாடினார். அதன் தலைவரான சூசையப்பர், நற்செய்தி நூல்கள் நான்கிலும் ஒரு சொல்கூடப் பேசியதாகப் பதிவில்லை. மரியாள் கருவுற்ற காரணம் விளங்காதபோதும் அவரை ஊரறிய அவமானப்படுத்த விரும்பாதவர் அவர். தமக்கு விளங்காததைப் பிறர்மேல் பழியாக்காத அந்த அடக்கத்தை ஒரு காப்பியமே பாடலாம். பாடலாம், மன்றாடலாம், யோபுவைப் போல வழக்காடவும் செய்யலாம். கடவுளின் மனத்தைப் படித்தவர்போல் நடிப்பதுதான் தகாது. இறையியலைப் பெரும் கட்டடமாக எழுப்பிய தாமஸ் அக்குவினாசே 1273 டிசம்பரில் தம் பெருநூலை முடிக்காமல் எழுதுவதை நிறுத்திக்கொண்டார்.

விளக்கம் தராவிட்டால் விசுவாசம் தளராதா என்று கேட்பார்கள். பொய் விளக்கத்தின்மேல் நிற்கும் விசுவாசம், அடுத்த அலையில் விளக்கத்தோடு சேர்ந்து போய்விடும் என்பதே என் எண்ணம். தெரியாது என்று சொல்லிக்கொண்டே தொழுபவரின் விசுவாசத்துக்கு அந்த ஆபத்து இல்லை.

பெரிய காஞ்சிபுரத்தில், எங்கள் தெருவில், துக்க வீட்டுக்குப் போனவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருப்பார்கள். எழும்போது 'போய் வருகிறேன்' என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள். இந்த நாகரிகத்தைச் சமயம் பார்க்காமல் எல்லோரும் அறிந்திருக்கிறோம். பிரசங்க மேடை ஏறுபவர்கள் அதைக் கீழேயே விட்டுவிட்டு ஏற வேண்டியதில்லை.