இமயம் தாண்டி வரும் விருந்தாளி

குழந்தைகளே! அரியலூர் மாவட்டத்தில் கரைவெட்டி என்றொரு பெரிய ஏரி இருக்கிறது. பரப்பளவு சுமார் 1,120 ஏக்கர். 1999-ஆம் ஆண்டு இது பறவைகள் சரணாலயம் ஆனது. அப்போது அரியலூர் தனி மாவட்டமாக இல்லை. பெரம்பலூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. 2024 ஜனவரியில் இந்த ஏரி 'ராம்சார்' பட்டியலில் இடம்பிடித்தது.

அது என்ன ராம்சார்? ஈரான் நாட்டிலுள்ள ஓர் ஊரின் பெயர். 1971 பிப்ரவரி 2 அன்று பல நாடுகள் அங்கே கூடி, நீர்நிலைகளைக் காக்க ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. முக்கியமான நீர்நிலைகளை அந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். சரி, பட்டியலில் சேர்ந்துவிட்டால் பறவைகளுக்குக் கவலை தீர்ந்துவிடுமா? யோசித்துப் பார்ப்போம்.

குளிர்காலத்தில் கரைவெட்டிக்கு வரும் பறவைகளில் ஒன்று வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும். எடை இரண்டு, மூன்று கிலோ. சிறகை விரித்தால் சுமார் ஒன்றரை மீட்டர். மங்கோலியா, திபெத், லடாக் பகுதிகளில் குஞ்சு பொரிக்கும். அங்கே குளிர் கடுமையானதும் இமயத்தைத் தாண்டித் தெற்கே வரும். இவ்வகை வாத்துகள் 7,000 மீட்டருக்கும் மேலே பறந்ததை, அவற்றின் உடலில் கருவி பொருத்தி விஞ்ஞானிகள் அறிந்திருக்கிறார்கள். அந்த உயரத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவு. கிடைக்கும் கொஞ்சத்தையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் தன்மை இதன் இரத்தத்துக்கு உண்டு.

இவ்வளவு தூரம் வரும் விருந்தாளிக்கு என்ன வேண்டும்? தண்ணீர், புல், தொந்தரவு இல்லாத இடம். கரைவெட்டிக்கு மழைநீரும், புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகக் காவிரி நீரும் வருகின்றன. மழை பொய்த்து, மேட்டூர் அணையிலும் நீர் குறைந்தால் ஏரி வற்றும். பறவை வேறிடம் தேடிப் போய்விடும். அறிவிப்புப் பலகையைப் பார்த்தா பறவை இறங்குகிறது? தண்ணீரைப் பார்த்துத்தான் இறங்குகிறது!

அந்த நீர் விவசாயிக்கும் வேண்டும். இந்த வாத்துகள் வயலில் இறங்கி இளம்பயிரை மேய்வதும் உண்டு. பாடுபட்டவருக்கு வருத்தம் இருக்கத்தானே செய்யும்? ஆனால், வாய்க்கால் தூர்ந்தால் பயிருக்கும் நஷ்டம், பறவைக்கும் நஷ்டம். தூர்வாரினால் இருவருக்கும் லாபம். பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கலந்து வயலுக்கு உரமாகிறது. பூச்சிமருந்து ஏரியில் கலந்தாலோ மீனுக்கும் பறவைக்கும் ஆபத்து. ஆகவே, விவசாயியைச் சேர்த்துக்கொண்டால்தான் பறவையைக் காக்க முடியும்.

சரணாலயத்துக்குப் போனால் சத்தம் போடாதீர்கள், கல் எறியாதீர்கள், பிளாஸ்டிக்கைப் போடாதீர்கள். இன்னொரு வேலையும் உண்டு. உங்கள் ஊர் ஏரிக்கு எந்த வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது, அதைக் கடைசியாக எப்போது தூர்வாரினார்கள் என்று வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு, நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த வாரம் வகுப்பில் ஆசிரியரிடம் காட்டுங்கள்!